அப்பா மெழுகிய பூச்சட்டி

போன செவ்வாய்க்கிழமை மகளின் பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது.

"கீர்த்தனான்ர அப்பாவோ? நாளைக்குக் காலமை ஒருக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்திட்டுப் போங்கோ" என்றார் வகுப்பு ரீச்சர். ஏன் என்று சொல்லவில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்லட்டுமா? பள்ளிக்கூடத்தில் இருந்து அழைப்பு வந்தால் உங்களைவிட உங்கள் அப்பாமார்தான் கூடப் பயப்படுவார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். இன்றைக்கும் அதிபரின் அறை வாசலைக் கண்டால் என் கை தானாகச் சட்டைப் பொத்தானைத் தேடும்.

அதோடு, எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பூச்சட்டி!

முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் புளியங்கூடல். மகள் ஆறாம் வகுப்பு. அவளுடைய பள்ளிக்கூட வாசலில் ஆறு பூச்சட்டிகள், ஆறிலும் கனகாம்பரம். விடுமுறைக்கு மூடும்போது, "சட்டியளை வீட்டை கொண்டுபோய்ப் பாக்க ஆர் பொறுப்பெடுக்கிறது?" என்று ரீச்சர் கேட்டிருக்கிறார். ஒருவரும் கை உயர்த்தவில்லை. எப்படி உயர்த்துவார்கள்? சோளகக் காற்று அடித்து எல்லாவற்றையும் காயப்போடுகிற காலம். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வந்தால்தான் உண்டு. போன வருசம் பொறுப்பெடுத்த பிள்ளை ஆறு வெறும் சட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு இரண்டு நாள் அழுததாம்.

என் மகள் கை உயர்த்தினாள்.

அதோடு நின்றாளா? "எல்லாம் பூவோட வரும் ரீச்சர்" என்று வாக்கும் கொடுத்துவிட்டாள். பின்னால் இருந்து ஒருத்தி, "சட்டியெண்டாலும் உடையாமல் வருமோடி?" என்று கேட்க, வகுப்பே சிரித்ததாம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. வாக்கு கொடுத்தவளின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் ஊர்காவற்றுறையில் இருந்து அனலைதீவுக்கு ஓடும் படகில் வேலை செய்கிறேன். கயிறு எறிவது, சாமான் ஏற்றி இறக்குவது. அனலைதீவில் தோட்டம் செய்கிற குணமண்ணை எங்கள் படகில்தான் போய் வருவார். அவரிடம் மகளின் கதையைச் சொன்னேன். அடுத்த முறை வரும்போது ஒரு சின்னப் பையை என் கையில் திணித்தார்.

"இந்தா தம்பி, மண்புழுப் பசளை. நான் தொட்டியில வளர்க்கிற புழு. சாணியும் உக்கின இலையும் தின்னக் குடுக்கிறன், அதுகள் இதைத் தருதுகள். சட்டி மண்ணுக்கு மேலால கொஞ்சமாத் தூவச் சொல்லு பிள்ளையை. அதுவே போதும்."

மேற்கட்டுப் பசளை என்பார்கள். மண்ணைத் தோண்டாமல், வேரைக் குழப்பாமல் மேலே இடுவது. தண்ணீர் ஊற்ற ஊற்றச் சத்து மெல்லக் கீழே இறங்கும்.

மகள் பையைத் திறந்து மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள். கறுப்பாக, தேயிலைத் தூள் மாதிரி இருந்தது.

"அப்பா, இது புழுவின்ர கக்காவோ?"

"ஓம்."

"மணக்கேல்லையே!"

"அப்ப அது ஒழுங்கான வீட்டுப் புழு" என்று குசினிக்குள் இருந்து என் மனைவியின் குரல் வந்தது.

மகள் தூவப் போனாள். நான் விட்டேனா?

"நீர் தள்ளி நில்லும் பிள்ளை, அப்பா போடுறன்."

"தூவத்தானே சொன்னவர்?"

"தூவினால் காத்து அள்ளிக்கொண்டு போடும். எனக்குத் தெரியும்."

எங்கள் வீட்டு வளவுக்குள் ஒரு வைரவர் சாமி இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு முன்னால் உள்ள மண் தரையைச் சாணி கரைத்து மெழுகுவது என் வேலை. வருசக்கணக்காக மெழுகிய கை. பசளையைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். விரல் மொத்தத்துக்குத் தடிப்பாக அப்பினேன். தண்டு முட்டும்வரை, அரைவட்டம் அரைவட்டமாக, வழுவழு என்று மெழுகிவிட்டேன். ஆறு சட்டியும் பூசைக்கு வைத்தது போல இருந்தன. போட்டோ எடுத்துக் கனடாவில் இருக்கிற தங்கைக்கும் அனுப்பினேன்!

பத்தாம் நாள் இலைகள் தொங்கின. ஓரங்கள் கருகின.

வெய்யில் என்றேன். உப்புத் தண்ணீர் என்றேன். காற்று என்றேன். கடைசியில், பள்ளிக்கூடத்துக் கன்றுகளே நோஞ்சான் என்றேன்.

"என்னப்பா, இனிப் பழி போட ஆரும் மிச்சம் இருக்கினமோ?" என்றாள் மனைவி.

மகள் ஒரு சட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ. ஊத்தின உடனே கீழால வருது. அப்ப நடுவில ஆர் குடிக்கிறது?"

நானும் குனிந்து அடித் துளையைப் பார்த்தேன்.

ஒரு ஈர்க்கை எடுத்து மண்ணில் குத்தினாள். இறங்கவில்லை. நான் மெழுகியது காய்ந்து ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. தண்ணீர் சட்டியின் ஓரத்தால் வழிந்து அடித் துளையால் போய்விட, வேர் பத்து நாளாகத் தாகத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பசளை ஓட்டைப் பெயர்த்துவிட்டு மறுபடி குத்தினாள். ஈர்க்கின் நுனியில் வெறும் புழுதி.

என் போனை எடுத்துக் குணமண்ணையிடம் அவளே கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பு முற்றம் முழுக்கக் கேட்டது.

"மெழுகினவரோ! பிள்ளை, உன்ர அப்பரைப் படகில கயிற்றை மட்டும் பிடிக்கச் சொல்லு!"

சிரித்து முடித்துவிட்டு வழியும் சொன்னார். சட்டிகளை ஒரு பேசின் தண்ணீரில் வைத்து, அடியால் குடிக்க விட்டாள். மேல் மண்ணை முள்ளுக்கரண்டியால் மெல்லக் கீறினாள். பசளையை நகக்கண் மொத்தத்துக்கு மேல் போகாமல் தூவி, தண்டைச் சுற்றி ஒரு விரல் இடம் விட்டாள். காற்று அள்ளாமல், காயாமல் இருக்க மேலே காய்ந்த பூவரசம் இலைகளைப் பரப்பினாள். என் வேலை தண்ணீர் தூக்குவது மட்டும்.

ஐந்து பிழைத்தன. விடுமுறை முடியும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பூக்கள். ஆறாவது பட்டுப்போனது.

பள்ளி தொடங்குகிற காலை நான் மெதுவாகச் சொன்னேன். "வேலிக்கரையில அம்மான்ர கனகாம்பரம் நிக்குது. ஒண்டைக் கிளப்பி இதில வைப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

மகள் என்னைப் பார்த்தாள். "அப்ப இது ஏன் செத்தது எண்டு வகுப்பில எப்பிடிச் சொல்லுறது?"

வெறும் சட்டியையும் ஓட்டோவில் ஏற்றச் சொன்னாள். உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

இதற்குப் பிறகுதான் அந்த போன். பயந்தேன் என்றால் பிழையா?

புதன்கிழமை போனேன். மண்டபத்தில் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். மேடையில் ஒரு மேசை. அதன் மேல் மண் மட்டும் உள்ள அந்த வெறும் சட்டி, பக்கத்தில் என் ஓட்டுத் துண்டு, ஒரு கிண்ணத்தில் மண்புழுப் பசளை.

"கீர்த்தனா எல்லாம் சொல்லிப்போட்டா" என்றார் ரீச்சர். "நீங்கள் மெழுகினதை ஒருக்கா செய்து காட்டுங்கோ. பிறகு அவ சரியான முறையைக் காட்டட்டும். ரெண்டையும் பார்த்தால்தான் பிள்ளையளுக்கு விளங்கும்."

மெழுகிக் காட்டினேன். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

பிறகு மகள் என் மெழுகலை வழித்தெடுத்துவிட்டு மண்ணைக் கீறினாள். பசளையைத் தூவினாள். இலை பரப்பித் தண்ணீர் ஊற்றினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாக் கண்களும் அடித் துளையில். நேரம் எடுத்து, ஒரு சொட்டு வந்தது. பிறகு இன்னொரு சொட்டு. "நடுவில எல்லாரும் குடிச்சிட்டினம்" என்றாள் மகள். கைதட்டல்!

பிள்ளைகளே, பெரியவர்களில் பாதிப் பேருக்கு ஒரு பிழை நடந்தால் அதை மூடத்தான் தெரியும். மூட வேறு கன்று தேடியவன் நான். அதைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனவள் அவள். அந்த மேடையில் என் கையெல்லாம் பசளை. ஆனாலும் அப்படி ஒரு பெருமையை நான் முன்பு அறிந்ததில்லை.

புறப்படும்போது ரீச்சர் ஒரு கடதாசியை நீட்டினார். அடுத்த விடுமுறைக்கும் சட்டிகள் கீர்த்தனாவின் பொறுப்பு என்று இருந்தது. அதற்குக் கீழே மகளின் எழுத்தில் இன்னொரு வரி: "அப்பா தண்ணீர் தூக்கித் தருவார். மண்ணைத் தொட மாட்டார்."

பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில், தலை நிமிர்ந்து, முழுப் பெயரையும் எழுதிக் கையொப்பம் வைத்தேன்!