சுல்தானுக்குத் தண்ணீர் காட்டிய நாட்கள்

ஊறவைத்த கொள்ளின் வாடையும் குதிரை மூத்திரத்தின் காரமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால், இன்றைக்கும் என் இடது தோள் என்னைக் கேட்காமல் காதுவரை உயர்ந்துவிடுகிறது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவதுதான் என் அப்பாவின் தொழில். அப்பாவின் வீட்டு ஆட்கள் தென்னேரிப் பக்கம் கழனி வேலை செய்தவர்கள். அவர் மட்டும் இளவட்டத்தில் காஞ்சிபுரத்துக்கு வந்து ஒரு ஜட்காக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் சொந்தமாக இரண்டு குதிரைகளை வைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தார். இரண்டுமே ஆண் குதிரைகள். பெண் குதிரை சாதுவாக இருக்கும், ஆனால் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தால் எடுப்பாக இருக்காது, கழுத்தை வில்லாக வளைத்து நின்ற இடத்திலேயே குதிப்பதற்கு 'கடா'தான் வேண்டும் என்பது அவர் கட்சி.

வேகவதி ஆற்றுக்குப் போகும் ஒரு சந்தில், நெசவாளர் தெருவின் முதுகுப் பக்கமாக எங்கள் வீடு இருந்தது. வீடு என்றால் ஒரே அறை. அதன் பின்னால் நீளமாக ஒரு முற்றம், முற்றத்தின் கோடியில் தண்ணீர்க் குழாயும் கக்கூசும். அறைக்கும் குழாய்க்கும் நடுவே, அப்பா 'லாயம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட தகரக் கொட்டகை. அதன் ஒரு பாதியில் வயதான ராஜா, இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் சுல்தான். காலையில் பல் விளக்கப் போவதென்றாலும் நான் சுல்தானைத் தாண்டித்தான் போகவேண்டும். அவனோ சாம்பல் நிறத்தில், கழுத்தில் ஒரு கயிறும் பின்னங்காலில் ஒரு கயிறுமாக, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நிற்பான்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த வேகத்தில் புத்தகப் பையோடு குழாய்க்கு ஓடினேன். பின்னாலிருந்து ஏதோ என் தோளைப் பிடித்துத் தூக்கியது. கால் தரையை விட்டு எழும்பிய பிறகுதான் அது பல் என்று தெரிந்தது. அப்பா ஓடிவந்து அவன் மூஞ்சியில் அடித்த பிறகே விட்டான். பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தபோது அப்பா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "பல்லு இருக்குற பக்கமும் போவாத, காலு இருக்குற பக்கமும் போவாத. அவன் கடாம்மா, அப்பிடித்தான் இருப்பான்." குதிரைக்கு வேறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்திலேயே கை கால் கழுவிக்கொண்டு, வயிறு வலித்தாலும் அடக்கிக்கொண்டு, அம்மா கையைப் பிடித்தால் மட்டுமே முற்றத்தைக் கடந்தேன். மூன்று வருடம் அப்படியே ஓடியது.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், மூட்டுகளை முடக்கிப்போடும் சிக்குன்குனியா காய்ச்சல் ஊரையே படுக்கவைத்தது. எங்கள் தெருவில் அது வந்ததை நான் காதால் அறிந்தேன். அதுவரை விடிந்தது முதல் பொழுது சாயும்வரை சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் குதிரைக் குளம்புச் சத்தம் அமுங்கிப்போகும். ஒவ்வொரு வீடாகக் கை வீங்கிப் படுக்கப் படுக்க, தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் அந்தத் தெரு முழுவதிலும் கேட்ட ஒரே சத்தம், சுல்தான் சிமெண்டுத் தரையை உதைக்கும் சத்தம்தான்.

முதலில் அப்பா விழுந்தார். மூன்று நாள் அம்மா குதிரைகளைப் பார்த்துக்கொண்டாள். நாலாம் நாள் காலை அம்மாவும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில், விரல்கூட மடக்க முடியாமல் கிடந்தார்கள். பின்வீட்டில் காய்ச்சல் தேறிவந்த கன்னியம்மா அக்கா மட்டும் சுவருக்கு மேலாகக் கஞ்சித் தூக்கை நீட்டினாள். "மூணு வேளையும் கஞ்சி வச்சுத் தரேன் எஸ்தரு, அந்தக் குதிரைங்ககிட்ட மட்டும் என்னைப் போவச் சொல்லாதம்மா" என்றாள், நான் கேட்பதற்கு முன்பாகவே.

வெயில் ஏறியது. குதிரைகள் தண்ணீருக்காகக் கத்த ஆரம்பித்தன. அப்பா கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"எம்மா, காலைலேர்ந்து தண்ணி காட்டல. வயிறு கட்டிக்கினா அவ்ளோதாம்மா, பொழைக்காது. ஒரே ஒரு பக்கெட்டு வச்சுட்டு வந்துடு."

"எனக்கு பயமா இருக்குதுப்பா."

"எனக்கு மட்டும் இல்லியா? தெனம் காலைல அவன்கிட்ட போறதுக்கு முன்னாடி எனக்கு ஒடம்பு நடுங்கும். ஒங்கம்மாவைக் கேளு" என்றார்.

அவர் எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பார். எனக்கோ இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் அந்த நிமிடத்தில் போய்விட்டது. அப்பா பயப்படவில்லை என்ற ஒன்றை நம்பித்தான் அத்தனை வருடம் அந்த வீட்டில் தூங்கியிருந்தேன்.

ராஜாவுக்குச் சுவருக்கு மேலாக எட்டி வைத்துவிட்டேன், அது குடித்தது. சுல்தானுக்கு ஒரு பக்கெட்டை விளக்குமாற்றுக் கம்பால் தள்ளித் தள்ளி அனுப்பினேன். அவன் முன்னங்காலைத் தூக்கி ஒரு மிதி மிதித்தான். பக்கெட் இரண்டாகப் பிளந்து தண்ணீர் ஓடியது. வீட்டில் இன்னும் ஒரு பக்கெட்தான் இருந்தது. அதையும் உடைத்துவிட்டால் அவன் சாவது என்னால்தான் என்று ஆகிவிடும். உள்ளே அம்மா "ஏசப்பா, ஏசப்பா" என்று முனகிக்கொண்டிருந்தாள். நான் பக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சுவரை ஒட்டி ஒட்டிப் போனேன். கீழே வைக்க அவன் விடவில்லை. என் கையில் இருக்கும்போதே மூஞ்சியை உள்ளே விட்டுவிட்டான். அவன் நெற்றி என் வயிற்றில் இடித்தது. ஒவ்வொரு வாய் தண்ணீரும் அவன் கழுத்துக்குள் ஏறுவது என் கைக்குத் தெரிந்தது. பக்கெட் காலியானதும் அதைப் போட்டுவிட்டு ஓடிவந்து வாசலில் வாந்தி எடுத்தேன். சாயங்காலம் மறுபடியும் போகவேண்டியிருந்தது.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் போனேன். பயம் குறைந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் பயத்தில் ஒரு பழக்கம் வந்தது. நான் சத்தமில்லாமல் போனால் அவன் காதைப் பின்னால் மடக்குகிறான். அது கடிக்கப்போகிற காது. ஏதாவது பேசிக்கொண்டே போனால் காது முன்னால் திரும்புகிறது. குதிரையிடம் பேசுவதற்கு எனக்கு என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் அப்போது மனப்பாடம் செய்துகொண்டிருந்த பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். புல் போடும்போது, கொள்ளு வைக்கும்போது, சாணி வாரும்போது, ஒரு பதினாறு, இரு பதினாறு என்று தப்பும் தவறுமாகப் பதினாறை ஒப்பித்தேன். அவன் அதை முழுக்கக் கேட்டான்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, நடுமதியம். கொட்டகைக்குள் ஏதோ பெரிதாக விழுந்த சத்தம் கேட்டது, தகரம் அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சுல்தான் பக்கவாட்டில் விழுந்து கிடக்கிறான். தரையை உதைக்கப்போய் முன்னங்கால் கழுத்துக் கயிற்றுக்கு மேலே ஏறி மாட்டியிருக்கிறது. அவன் காலை உதற உதறக் கயிறு தொண்டையை இறுக்குகிறது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது. அப்பா பாயிலிருந்து உருண்டு, முழங்கையால் ஊர்ந்து, வாசற்படி வரைக்கும் வந்துவிட்டார். புல் அறுக்கும் அரிவாளை எடுக்கப் பார்த்தார். விரல் மடங்கவில்லை, அரிவாள் நழுவி விழுந்தது. "கன்னியம்மா! யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தினார். அந்தத் தெருவில் எழுந்து வருவதற்கு ஆள் இல்லை. வந்த கன்னியம்மா அக்காவும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "கிட்ட போவாதடி, ஒதைச்சா செத்துடுவ!" என்று அலறினாள்.

நான் அரிவாளை எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று தெரியாது. கயிறு அவன் தாடைக்குக் கீழே புதைந்திருந்தது. அறுப்பதென்றால் பல்லுக்கும் முன்னங்காலுக்கும் நடுவில் போய் மண்டியிட வேண்டும். அப்பா போகவே கூடாது என்று சொன்ன இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருந்தன. நான் மண்டியிட்டேன். குரல் வரவில்லை. இரண்டாவது தடவை முயன்றபோது "ஒரு பதினாறு பதினாறு" என்று ஒரு கீச்சுக் குரல் வந்தது, என்னுடையது போலவே இல்லை. உதறிக்கொண்டிருந்த கால் நின்றது. அவன் கண் மட்டும் உருண்டு என்னைப் பார்த்தது, வெள்ளை முழுக்கத் தெரிந்தது. அரிவாள் மொண்ணை. புரி புரியாகத்தான் அறுந்தது. அத்தனை நேரமும் அந்த வாய் என் மணிக்கட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் திறந்திருந்தது; நுரை என் கையில் வழிந்தது. அவன் அசையவில்லை. அவன் ஒருமுறை உதறியிருந்தால் போதும். அது அவனுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை.

கயிறு அறுந்ததும் துள்ளி எழுந்தான். எழுந்த வேகத்தில் பின்னங்கால் கயிற்றின் முளையும் பிடுங்கிக்கொண்டது. இப்போது அவன் கட்டில்லாத குதிரை. எனக்குப் பின்னால் சுவர். அவன் உடம்பெல்லாம் நடுங்கியது. ஒரு அடி, இன்னொரு அடி என்று வந்து, மூஞ்சியை என் இடது தோளில், தையல் போட்ட அதே இடத்தில் வைத்தான். பாவாடை நனைந்து காலில் வழிவது எனக்குத் தெரிந்தது. பதினொரு வயதில், பட்டப்பகலில். வாசற்படியில் அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். சுல்தான் என் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டே நின்றான், வெகுநேரம். பிறகு நான் அவன் கழுத்தில் தொங்கிய அறுந்த கயிற்றைப் பிடித்து நடந்தேன். பின்னாலேயே வந்தான். சடைக்கு ரிப்பன் கட்டும் முடிச்சுதான் எனக்குத் தெரியும். அதையே போட்டுக் கம்பத்தில் கட்டினேன்.

அதற்குப் பிறகும் எனக்குப் பயம் இருந்தது. ஆனால் பல் விளக்கப் போகும்போது அம்மா கை தேவைப்படவில்லை.

காய்ச்சல் போனாலும் அப்பாவின் விரல்கள் பழையபடி மூடவில்லை. வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்தில் பட்டாசுச் சத்தத்துக்குச் சுல்தான் மிரண்டு மேலெழும்ப, அப்பாவின் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டது. மாப்பிள்ளை கீழே விழுந்து பிழைத்ததே பெரிது. இரண்டு கடாக்களை அடக்கிப் பிடிக்க இனி தன்னால் ஆகாது என்று முடிவு செய்து, அப்பா சுல்தானை விலை பேசிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சந்து முனையில் லாரி வந்து நின்றது. நாலு ஆட்கள் கம்போடு சுற்றிச் சுற்றி வந்தும் சுல்தான் பலகையில் கால் வைக்க மறுத்தான். ஒருவரை உதைக்கவும் செய்தான். அடி விழ ஆரம்பித்தது. அப்பா வீட்டுக்குள் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எஸ்தரு, நீ கூப்ட்டா ஏறுவாம்மா. அடி வாங்குறான், பாக்க முடியல."

போனேன். கயிற்றைக் கையில் வாங்கினேன். பலகையில் ஏறி நடந்தேன். என் தோளுக்குப் பின்னால் அவன் மூச்சு. பலகையில் தடதடவென்று குளம்பு. உள்ளே போய் நின்றதும் கயிற்றை ஒருவர் வாங்கிக் கட்டினார். குறுக்குக் கட்டைக்குக் கீழே குனிந்து நான் இறங்கிவிட்டேன். லாரி கிளம்பும்போது ஒருமுறை கனைத்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

இருபது வருடம் ஆகப்போகிறது. ராஜா செத்துப்போனது. கொட்டகை இருந்த இடத்தில் பட்டுக்கடைக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்துகிறார்கள். மாப்பிள்ளைகள் பூ ஜோடித்த காரில் மேல்மூடியைத் திறந்துவிட்டு நின்றுகொண்டு வருகிறார்கள். அப்பா என்னோடுதான் இருக்கிறார்; அந்த லாரி எந்த ஊருக்குப் போனது, சுல்தான் அங்கே என்ன ஆனான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் இதுவரை கேட்டதில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அந்தச் சுல்தானை வாங்கிக்கினு போனானே, அவன்…" என்று ஆரம்பித்தார். குழம்பு அடிபிடிக்கிறது என்று சொல்லி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். அடுப்பில் அப்போது எதுவும் இல்லை.