பழகிப்போன குருவிகள்

எங்கள் அண்ணியை ஊரே கொக்கு என்றுதான் கூப்பிடும். முழங்கால் சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து மட்டிச் சிப்பி எடுப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? "கொக்குக்காவது மீன் தேடி வரும், நான்தான் மட்டியத் தேடி அலையணும்" என்பாள். நான் அவளுக்கு நாத்தனார். வேலையும் அவளோடுதான்.

மட்டி இருக்கும் இடத்தை எங்களுக்குக் காட்டிக் கொடுப்பவை உள்ளான் குருவிகள். கடல் வற்றியதும் கூட்டமாக இறங்கும். அவை கொத்தும் இடத்தில் நாங்கள் தோண்டுவோம். விரல்நகம் அளவு குஞ்சு மட்டி அவற்றுக்கு, பெரியது எங்களுக்கு. சண்டையே கிடையாது. வடக்கே பனி நாட்டுக்கு முட்டையிடப் போகிற வழியில் இங்கே தின்று கொழுத்தால்தான் அவை போய்ச் சேரும். மெலிந்தது கடலில் விழும்.

வாத்துப் பண்ணை வைத்திருந்த வியாபாரி ஒருவன் பொடிக்கண் சல்லடை கொண்டுவந்தான். குஞ்சு மட்டியையும் தீவனத்துக்கு மூட்டை மூட்டையாக வாங்கிக்கொள்வானாம். பெரிய புண்ணியவான்!

"குஞ்ச அள்ளிட்டா பெருசு எங்கேருந்து வரும்?" என்று அண்ணி கேட்டாள்.

"கடல் என்ன உங்க வீட்டு அரிசிப் பானையா, தீர்ந்துபோக?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் முதுகு உடைந்து படுக்கையில் கிடந்த நேரம் அது. மருந்துக்கு வழி வேண்டும். அண்ணியும் சல்லடையை வாங்கிக்கொண்டாள்.

மறு வருஷமும் அண்ணன் படுக்கையில்தான். குருவிகளும் வந்தன. ஆனால் கிட்டே போனாலும் பறக்கவில்லை. முன்பெல்லாம் ஒரு தும்மல் போதும், கூட்டமே எழும்பிவிடும். இப்போது காலடியிலேயே நின்றன. அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா, நம்மகிட்ட பழகிடுச்சு!"

கரையெல்லாம் அதே பேச்சு. அவள் அவற்றோடு குசலம் விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டாள். விசாரித்துக்கொண்டே சல்லடையை ஆட்டினாள்.

ஒரு மாலை தண்ணீர் ஏறியது. நாங்கள் கரைக்குக் கிளம்பினோம், குருவிகள் கிளம்பவில்லை. தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் சில சிறகை விரித்துப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டன. அண்ணி ஒன்றைக் கையில் எடுத்தாள். அது திமிறவே இல்லை. அதன் நெஞ்சைத் தடவியவள் சட்டென்று விரலை இழுத்தாள்.

"சதையே இல்லடி. எலும்பு கத்தி மாதிரி நிக்குது."

பிறகு சொன்னாள்: "இது பழகல. பறக்க முடியாம நின்னிருக்கு."

கரையேறியதும் அன்றைய மூட்டையை அவிழ்த்து மணலில் கொட்டினாள். கைக்குக் கிடைத்த குருவிகளையெல்லாம் வாரிவந்து அதன் முன் விட்டோம். ஒன்றிரண்டு விழுங்கின. மற்றவை மட்டிக் குவியல் மேலேயே சாய்ந்தன. எனக்கு அழுகை அடங்கவில்லை.

வியாபாரியின் வண்டி வந்து ஹாரன் அடித்தது. "என்னம்மா, சரக்கத் தரையில கொட்டி வெச்சிருக்கே?"

அண்ணி செத்த குருவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரமாக வைத்தாள். இன்னும் தின்றுகொண்டிருந்த ஒன்றையும் தூக்கி அவற்றின் பக்கத்தில் விட்டாள். பிறகு மட்டியை அள்ளி மூட்டையில் போட ஆரம்பித்தாள்.