பதினான்கு தப்படி

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்துகொண்டு, ஐந்நூறு பக்க நாவல் எழுதப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான். இரண்டு வருடம் ஆகியும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

கதாநாயகி மட்டும் கிடைத்திருந்தார். குருபரப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் காண்ட்ராக்ட் அக்கா. எனக்கு எதிரே, மெஷினிலிருந்து விழும் பாகங்களைக் கூடையில் அள்ளி பேக்கிங் மேஜைக்குக் கொண்டுபோவார். பதினான்கு தப்படி. ஏழாவதில் வலது முழங்காலை லேசாக உதறுவார். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். என் நாவலின் கதாநாயகி அவர்தான் என்று அவரிடமே சொல்லியும் விட்டேன். மறுநாள் பஸ்ஸில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அதிலிருந்து தினமும், கதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்பார். நானும் கூசாமல் பக்கங்களைக் கூட்டிச் சொல்லிக்கொண்டே போனேன்.

எங்கள் கம்பெனியில் மாதம் ஒரு கெய்சன் தாள் கொடுத்தாக வேண்டும். வேலையை எளிதாக்க ஒரு யோசனை. இடப்பக்கம் ‘முன்பு’, வலப்பக்கம் ‘பின்பு’ என்று இரண்டு போட்டோ. அந்த மாதம் கடைசி நாள் வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நோட்டைப் புரட்டினேன். மெஷினுக்கும் மேஜைக்கும் நடுவே ஒரு சரிவுத் தகடு வைத்தால் பாகங்கள் தாமாகவே வழுக்கி வந்துவிடும், பதினான்கு தப்படி நடக்க வேண்டாம் என்று எழுதினேன். அந்த முழங்காலுக்காகத்தான் எழுதினேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எழுதும்போது வாக்கியங்கள் வரிசையாக வந்து விழுந்த சுகத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை. நாவலுக்கு வளையாத கை, முக்கால் மணி நேரத்தில் அந்தத் தாளை முடித்துவிட்டது.

தாளுக்குப் பரிசு கிடைத்தது. காலைக் கூட்டத்தில் கைதட்டி ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அடுத்த மாதம் தகடு வந்தது. அக்கா தேவைப்படவில்லை. நோட்டீஸ் போர்டில் ‘முன்பு’ போட்டோவில் கூடையோடு நின்றார். ‘பின்பு’ போட்டோவில் தகடு மட்டும் இருந்தது.

அவருடைய கடைசி நாளில் ஷிப்ட் முடிந்ததும் நான் ஸ்டோர் பக்கம் ஒளியப் பார்த்தேன். தேடி வந்துவிட்டார். தாளை எழுதியது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்று நின்றேன்.

“பரவால்ல சார். கதைலயாவது என்னை வேலைல வெச்சிருங்க” என்றார். பஸ் கிளம்பிவிடும் என்று வேகமாக நடந்து போனார்.

அந்த வாரமே நாவல் நகர ஆரம்பித்தது. மானங்கெட்ட கை. இப்போது முந்நூறு பக்கம் ஆகிவிட்டது. சொன்னபடி அக்காவை வேலையில் வைத்திருக்கிறேன். முழங்கால்கூட வலிக்காமல் நடக்கிறார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த முந்நூறு பக்கத்தில் தாளை எழுதியவனை மட்டும் நான் இன்னும் எங்கும் சேர்க்கவில்லை.