இங்குட்டு சம்மனசு, அங்குட்டு பசாசு

அமராவதிபுதூர் பெல்சியின் ஓட்டத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதில் பாதி பொய். நான் சொல்வதை மட்டும் நம்புங்கள். ஒருநாள் சாக்கோட்டையில் டவுன் பஸ்ஸைத் தவறவிட்டவள், பின்னாலேயே ஓடி, பஸ்ஸை முந்தி, அடுத்த நிறுத்தத்தில் போய் நின்று, முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, அதே பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள். ஏறியவள் இரண்டு பேர் சீட்டின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, இடப்பக்கம் பாதி இடத்தைக் காலியாக விட்டாள். யாரையும் உட்கார விடவில்லை. ஆள் வருகிறது என்றாள். கண்டக்டர் காரைக்குடி வரைக்கும் பார்த்தார், ஒரு ஆளும் வரவில்லை.

அந்த ஆள் அவளுடைய காவல் சம்மனசு. வேதக்காரக் கிறிஸ்தவர்கள் வீட்டில் தேவதூதருக்கு அதுதான் பழைய பெயர். பிறந்த நாள் முதல் சாகும் நாள் வரை கூடவே நடக்கிறவர். அவருக்கு எதிர்ப்பக்கம் பசாசு, அதாவது பிசாசு.

பெல்சியின் அப்பா ஞானமணி கோயில் உபதேசியார். சாமியார் வராத நாளில் ஜெபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு எடுப்பதும் அவர் வேலை. அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஒரு ஜெபம், பின் ஒரு ஜெபம். இட்லிக்குத் தனி, சட்னிக்குத் தனி என்று ஊரார் சொன்னது கொஞ்சம் கூடுதல். சீட்டியடித்தால் பாவம். கண்ணாடியை இரண்டாவது முறை பார்த்தால் பாவம். வெள்ளிக்கிழமை ஆண்டவர் பாடுபட்ட நாள் என்பதால் அன்றைக்குச் சிரித்தால் பாவம். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். சாயங்காலம் கோயில் மணி அடித்து ஓய்வதற்குள் ஜெபமாலைக்கு முழந்தாளில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஒன்றரை மைல். மணி இருபத்தோரு அடி. பெல்சி ஓட்டக்காரி ஆனது அப்படித்தான்.

சம்மனசு விவகாரம் அவளுக்கு ஆறு வயதில் ஆரம்பித்தது. ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் பிள்ளைகளுக்கு எதிரே நின்று, ஒரு கையைத் தூக்கி, "இங்குட்டு சம்மனசு நிக்கிறாக" என்றார். மறு கையைத் தூக்கி, "அங்குட்டு பசாசு நிக்கிது" என்றார். சம்மனசுக்கு இடம் விட்டு உட்காராத பிள்ளை அவர் மடியிலேயே உட்காருகிற பிள்ளை என்றும் சொன்னார். மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிட்டார்கள். பெல்சி உபதேசியார் மகள். மறக்க வழியில்லை. அன்று முதல் இடப்பக்கம் பாதிப் பெஞ்சு, பாதிப் பாய், பாதி சீட்டு. எதிரே உட்கார்ந்து ஜெபம் சொல்லும் அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை.

பிரச்சினை மைதானத்தில் வந்தது. பெல்சி ஓடியது மூவாயிரம் மீட்டர். வட்டமான ஓடுதளத்தில் ஏழரைச் சுற்று. இடப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். உள்கோட்டை ஒட்டி ஓடுகிறவளுக்குத் தூரம் குறைவு. பெல்சியோ உள்கோட்டுக்கும் தனக்கும் நடுவே ஒரு ஆள் ஓடும் இடத்தை விட்டுவிட்டு ஓடினாள். மாவட்டத்தில் அப்படியும் முதலாக வந்தாள். மாநிலப் போட்டியில் இரண்டு வருஷமும் நாலைந்து மீட்டரில் இரண்டாவது.

அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் மாரீஸ்வரி டீச்சர், விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசிலைக் கழற்றாமலே கல்யாணத்துக்கும் போகிறவர். ஏன் வெளியே தள்ளி ஓடுகிறாய் என்று இரண்டு வருஷம் கேட்டும் பெல்சி வாய் திறக்கவில்லை. தொண்ணூற்று மூன்றில் ஒருநாள் டீச்சர் விடுவதாக இல்லை. பெல்சி தலையைக் குனிந்துகொண்டு, "உள்பக்கமா சம்மனசு வாராக, டீச்சர்" என்றாள்.

டீச்சர் வீட்டில் அப்போது ஒரு வரப்புத் தகராறு கோர்ட்டில் இருந்தது. அவர் காதில் கடைசி எழுத்து விழவில்லை. "யாருடி உனக்குச் சம்மன் அனுப்புனது? வயக்காட்டுக் கேசா, வீட்டுக் கேசா?" என்றார்.

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. டீச்சர் சுவரில் கரித்துண்டால் கணக்குப் போட்டார். ஒரு சுற்றுக்கு ஆறு மீட்டர் அதிகம். ஏழரைச் சுற்றுக்கு நாற்பத்தைந்து மீட்டர். இவள் தோற்றது நாலு மீட்டரில். டீச்சர் அந்த ஏழரையை மட்டும் ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். பெல்சிக்கு ஏழரை பிடித்திருக்கிறது என்று ஜோசியரிடம் போகாமலே தெரிந்துவிட்டது.

அதே வருஷம் உபதேசியாரும் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு தடவை இரண்டாவது. மூன்றாவது தடவையும் அப்படியென்றால் அது ஆண்டவர் சித்தம். பெல்சி ஓட்டத்தை விட்டுவிட்டுக் கன்னியர் மடத்தில் சேர வேண்டும். அவளுக்கு இருபத்தோரு வயது. ஜெபம் பிடிக்கும், மடம் பிடிக்காது. ஆனால் அவளை அரித்தது அதுகூட இல்லை. உள்ளே தள்ளி ஓடினால் சம்மனசை மிதித்த பாவம், வெளியே ஓடினால் டீச்சருக்குத் துரோகம். ஒவ்வொரு காலடிக்கும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டபடியே ஓடினாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் ஒரே ஒரு சுற்று ஓடிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

முதலில் பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் நல்ல மனுஷர். சம்மனசுக்குச் செட்டை இருக்கிறது, தரையில் ஓட வேண்டிய அவசியமில்லை, பறந்துகொள்வார் என்று சொல்லி அனுப்பினார். பெல்சி துள்ளிக்கொண்டு வந்து அப்பாவிடம் சொன்னாள். பறக்கத் தெரிந்தவரைப் பறக்கச் சொல்ல நாம் யார் என்று உபதேசியார் கேட்டார். துள்ளல் அதோடு நின்றது.

அடுத்து டீச்சர் அவளைக் கோவிலூர் மடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே வயதான துறவி ஒருவர் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். பெல்சி பாயில் பாதியை விட்டு உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டார். சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. உள்ளே பார்த்து, அவங்களுக்கும் ஒரு பாய் போடுங்கப்பா என்றார். பக்கத்தில் இன்னொரு பாய் விழுந்தது. பெல்சி வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாயின் நடுவில் உட்கார்ந்தாள். அடுத்த நிமிஷம் குறட்டை. மடத்துப் புறாக்கள் அன்று பறந்தவை குன்றக்குடியில்தான் போய் இறங்கினவாம். சாப்பாட்டு மணிக்கு எழுந்தவள், மனசு பஞ்சு மாதிரி இருக்கிறது என்றாள்.

டீச்சருக்கு வழி தெரிந்துவிட்டது. மறுநாள் மைதானத்தின் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சம்மனசை அதில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொன்னார். பெல்சி நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்கோட்டை ஒட்டி ஓடினாள். இரண்டு சுற்று, பாம்பு போன மாதிரி போனாள். மூன்றாவது சுற்றில் வாட்ச்மேன் வீரணன், வெயிலுக்கு யாரோ புண்ணியவான் போட்ட நாற்காலி என்று நினைத்து, வந்து உட்கார்ந்து முறுக்கைக் கடித்தான்.

பெல்சி நின்றுவிட்டாள். "எந்திரிங்கண்ணே, அதுல ஆள் இருக்காக" என்றாள்.

வீரணன் தனக்குக் கீழே பார்த்தான். எழுந்து ஓடினான். அவன் ஓடிய வேகத்தில் முறுக்கு அந்தரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. அவன் பெயரையும் மாவட்டப் போட்டிக்குக் கொடுக்கலாமா என்று டீச்சர் யோசித்தார். ஒரு வாரம் கழித்து, கையில் மந்திரித்த கயிற்றோடுதான் வேலைக்கு வந்தான். சம்மனசின் மேல் ஆளை உட்கார வைத்த பாவமும் சேர்ந்துகொள்ள, பெல்சி பழையபடி ஒரு ஆள் இடம் தள்ளியே ஓடினாள்.

மாநிலப் போட்டி திருச்சியில். வெள்ளிக்கிழமை. ஆண்டவர் சித்தத்தை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று உபதேசியாரும் குடையும் ஜெபமாலையுமாக வந்து, டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஓட்டம் தொடங்கியது. மூன்று சுற்று முடிந்தபோது பெல்சி இரண்டாவது. முன்னால் போனவள் உள்கோட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். பெல்சி வழக்கம்போல வெளியே. டீச்சருக்குப் பொறுக்கவில்லை. விசிலைத் துப்பிவிட்டு உபதேசியார் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்க சம்மனசாலதான் இவ தோக்குறா. இடப்பக்கம் அவருக்கு இடம் விட்டு விட்டே ஊரைச் சுத்துறா."

"இடப்பக்கமா?" உபதேசியார் எழுந்து டீச்சருக்கு எதிரே நின்றுவிட்டார். "சம்மனசு எப்பவும் வலப்பக்கம்ல, டீச்சர்." சொல்லிக்கொண்டே வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

அவருக்கு எதிரே இருந்த டீச்சருக்கு அந்தக் கை தன் இடப்பக்கம் தெரிந்தது. டிரில் எடுக்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி. பிள்ளைகளைப் பார்த்து நின்று 'வலது' என்று சொன்னால், தூக்க வேண்டியது தன் இடது கையை. அப்போதுதான் எதிரே நிற்கிற பிள்ளை சரியான கையைத் தூக்கும். டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க பிள்ளைகளுக்கு எதுத்தாப்புல நின்னுதான சொல்லிக் கொடுத்தீக?"

உபதேசியார் தன் கையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். தூரத்தில் பெல்சி விட்டு ஓடும் அந்த இடத்தைப் பார்த்தார். குடை கீழே விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுதளத்தின் ஓரத்துக்கு ஓடினார். பெல்சியின் வேகம் எந்த வழியில் வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பெல்சி அவரைக் கடக்கும்போது இரண்டு கையையும் ஆட்டி, "மகளே, சம்மனசு இங்குட்டு இல்ல, அங்குட்டு" என்று கத்தினார். அவளுக்கு என்ன புரியும்? அங்குட்டு என்றால் எங்குட்டு? அப்பா கொசு விரட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு சுற்று வீண்.

டீச்சர் வந்து அவர் தோளைப் பிடித்து, பெல்சி ஓடும் திசைக்கே முகத்தைத் திருப்பி நிறுத்தினார். அடுத்த சுற்றில் உபதேசியார் தொண்டை கிழியச் சொன்னார். "வலதுதான் சம்மனசு, மகளே. இடப்பக்கம் இருக்கிறது பசாசு."

இது புரிந்தது. பெல்சி தன் இடப்பக்கத்தைப் பார்த்தாள்.

பதினைந்து வருஷம். பாதிப் பெஞ்சு, பாதிப் பாய், டவுன் பஸ்ஸில் பாதி சீட்டு. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு அச்சுமுறுக்கு வேறு. போட்டிக்குப் போட்டி உள்பக்கத்து நல்ல வழியையும் பசாசுக்கே விட்டுக்கொடுத்து, மிதித்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து ஓடியிருக்கிறாள். அதுவும் பாவம், ஒரு தடவைகூடத் தடுக்கி விடவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை என்பது ஞாபகம் வந்தது, இன்னும் அதிகமாக வந்தது. சிரித்துக்கொண்டே சடாரென்று உள்கோட்டுக்குள் புகுந்தாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை, அவள்தான் இருந்தாள். முன்னால் போனவள், பின்னால் ஒருத்தி சிரித்தபடி வருவதைக் கேட்டு மிரண்டு திரும்பினாள். திரும்பிய பக்கம் பெல்சி இல்லை, அதற்குள் முன்னால் இருந்தாள். எல்லைக்கோட்டில் நாடா பிடிக்க வேண்டியவர்கள், இன்னும் நேரம் இருக்கிறது என்று டீ குடிக்கப் போயிருந்தார்கள். கையில் தம்ளரோடுதான் ஓடி வந்து பிடித்தார்கள். பெல்சி முதல். டீச்சர் விசிலை ஊதிய ஊதலில், பக்கத்துச் சாலையில் போன லாரி ஒன்று ஓரம் கட்டி நின்றது.

உபதேசியார் மட்டும் பழைய இடத்துக்கே திரும்பி வந்து வியர்த்துப்போய் நின்றார். கன்னியர் மடத்துப் பேச்சு அவர் வாயில் வரவில்லை. இத்தனை வருஷம் பசாசுக்குப் பக்கத்திலா இருந்தாய், பயமாக இல்லையா என்று கேட்டார்.

"பதினஞ்சு வருசமா கூடவே வந்திருக்கு, என்னைய ஒரு வார்த்தை சொன்னதில்லப்பா" என்றாள் பெல்சி, மூச்சு வாங்கிக்கொண்டே. "நீங்கதான் சொல்லிக்கிட்டே இருந்தீக."

அவர் குடையைத் தேடுகிற மாதிரி குனிந்தார். வெகுநேரம் தேடினார். குடை காலடியிலேயே கிடந்தது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பெல்சி இரண்டு பேர் சீட்டின் நட்ட நடுவில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உபதேசியார் கம்பியைப் பிடித்தபடி நின்று பார்த்தார். வலப்பக்கமாவது சம்மனசுக்குக் கொஞ்சம் விடக் கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பெல்சி நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்க உக்காருங்கப்பா. அவுகளுக்குத்தான் செட்டை இருக்குல்ல."

உட்கார்ந்தார். புதுக்கோட்டை தாண்டுவதற்குள் அவர் தோளில் சாய்ந்து பெல்சி தூங்கிவிட்டாள். கோவிலூர்க் குறட்டைக்கு இது அண்ணன். டிரைவர் இரண்டு தடவை இறங்கி இன்ஜினைத் திறந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். வலது கையைத் தூக்கி, இங்குட்டு சம்மனசு என்று சுவருக்குச் சொன்னார். பின்னால் முப்பது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைதானே என்று விட்டுவிட்டார். அடுத்து வந்த வெள்ளிக்கிழமையும் விட்டுவிட்டார் என்று கேள்வி.