மர்ளியா ராத்தா மீது எனக்குள்ள ஹக்

பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவிப்பதற்கு முன்பே போன் சொல்லிவிட்டது. கல்முனைச் சந்தையில் கீரிமீனுக்கு விலைபேசிக் கொண்டிருந்தேன். தங்கச்சி அனுப்பியிருந்தாள்: "ஒங்கட ராத்தா மௌத்." மரணச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹியை வாய் தானாகச் சொன்னது. மீன்காரர் என் முகத்தைப் பார்த்து, "ஆரு மகள்?" என்றார். "எங்கட ஒஃபிஸ் மர்ளியா மிஸ்." அவர் கையிலிருந்த மீனைத் திரும்ப வைத்தார். "அந்த மனிசியா? என்ட மருமகனுக்குப் புத்தி வந்ததே அந்த மனிசியாலதானே" என்றார். மீன் வாங்காமலே திரும்பினேன். வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கதை முடியாமல் இருக்க, பாதியில் எழும்பிப் போய்விட்டாரே என்ற கோபம்.

அவர் எனக்கு இரத்த உறவில்லை. பிரதேச செயலகம் ஒன்றின் மகளிர் பிரிவில் எங்கள் இருவரின் மேசைகளும் எதிரெதிரே கிடந்தன. என்னைவிட மூத்தவர் என்பதால் ராத்தா. அவருடைய பிள்ளைகளுக்கு நான் பௌஸியா சாச்சி. ஒஃபிஸ் முடிந்தால் பெண்களுக்கு மார்க்க பயான் செய்வார், மாதர் சங்கத்தை நடத்துவார். அந்தச் சங்கத்தார்தான் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். "நல்லத மட்டும் எழுதுங்க மிஸ். மௌத்தானவங்கட குறையப் பேசப்படாது" என்றார் செயலாளர். எனக்கும் அது தெரியும். ஆகையால் முதலில் ராத்தாவின் மகள் றிஸ்னாவிடம் போய், என்ன எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "மறைக்காம எழுதுங்க சாச்சி. என்ட பேரையும் போடுங்க" என்றாள். போட்டிருக்கிறேன். மலரில் இது வருமோ வராதோ, அவரை அறிந்த உங்களுக்காகவே எழுதுகிறேன்.

நல்லது நிறைய இருக்கிறது. சாய்ந்தமருதில் ஒருவன் பெண்சாதியை அடிக்கிறான் என்று முறைப்பாடு வந்தது. பொலிசுக்குப் போக அந்தப் பெண்ணுக்குப் பயம். ராத்தா என்னையும் இழுத்துக்கொண்டு பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அங்கே போனார். பக்கத்து வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இரவல் வாங்கி, அவன் வாசலுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தார். "என்ன மிஸ் விசயம்?" என்றான் அவன். "ஒண்டுமில்ல மகன். நீ நல்லா அடிக்கிறாய் எண்டு கேள்விப்பட்ட. பாத்திட்டுப் போவம் எண்டு வந்த. நீ ஒன்ட வேலயப் பாரு" என்றார். தெருவே மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை அவர் எழும்பவில்லை. அவன் கொடுத்த தேத்தண்ணியையும் மறுக்கவில்லை. சீனி குறைவு என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். அடிதடிக்கு அடங்காதவன் வெட்கத்துக்கு அடங்கினான். இப்படி ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒருநாளும் கைவிடப்பட மாட்டோம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

பகல் சாப்பாட்டு மேசையில் நாங்கள் மூன்று பேர். மற்றவர் பாண்டிருப்புக் கலாதேவி அக்கா. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே கருவைக் கலைக்கலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். அதைத் தளர்த்துவது பற்றிக் கொழும்பில் பேச்சு எழும்பும் போதெல்லாம் எங்கள் மேசையிலும் எழும்பும். பலாத்காரத்துக்கு ஆளானவளுக்கும், பிறந்தாலும் பிழைக்காத பிள்ளையைச் சுமப்பவளுக்கும் வழிவிட வேண்டும் என்பது கலாதேவி அக்காவின் கட்சி. "சுமக்கிறவள்ட வயித்துக்குள்ள பாராளுமன்றத்துக்கு என்னகா வேல?" என்பார். ராத்தா விடமாட்டார். "வயிறு அவள்ட, ஓம். உள்ள இரிக்கிற உசிரு ஆர்ர? நாலு மாசத்தில அல்லாஹ் ரூஹ ஊதி உசிராக்கின பிறகு அது அவன் நம்பித் தந்த அமானிதம்" என்பார். நான் நடுவில் இருந்து இறால் கறியைப் பங்குபோடுவேன். எனக்கென்று ஒரு கருத்து அப்போது தேவைப்படவில்லை. சண்டை முடிந்ததும் அக்காவின் பெட்டியிலிருந்து மாங்காய்ச் சம்பலை ராத்தா கேட்காமலே அள்ளுவார்.

பிறகு எனக்கும் தேவைப்பட்டது. கலியாணம் முடித்துப் பல வருடம் காத்திருந்து தங்கிய பிள்ளை. ஐந்தாம் மாதம் ஸ்கேன் செய்த டொக்டர் திரையை என் பக்கம் திருப்பவில்லை. பிள்ளைக்கு மண்டையோடு மூடவில்லை, மூளை வளரவில்லை, பிறந்தாலும் தங்காது என்றார். சட்டப்படி தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, சிலர் இந்தியாவுக்குப் போகிறார்கள் என்று மேசையைப் பார்த்தபடி சொன்னார். என் கணவர், "நீ என்ன சொல்றியோ அதுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். மறுநாளே கலாதேவி அக்கா வீட்டுக்கு வந்தார். "என்ட தம்பி மெட்ராஸில இரிக்கான் புள்ள. அவன்ட வீட்ட நிக்கலாம், டொக்டரையும் அவன் பாப்பான். கெதியா யோசி" என்றார். நான் யோசிக்கவில்லை. ராத்தாவிடம் போனேன்.

"எனக்கு வேற வழி ஏதும் இரிக்கா ராத்தா?"

"இல்ல புள்ள."

"மார்க்கம் படிச்ச உலமாக்கள்ல ஒராளாச்சும் இடம் குடுக்கல்லயா?"

"நாலு மாசம் கழிஞ்ச பிறகு நானறிய ஒராளும் குடுக்கல்ல. ஒன்ட புள்ள கபுறுக்குழிக்குப் போற வரைக்கும் நீதான் அதுக்கு வீடு. வீட்ட நாமளே இடிக்கப்படாது." பிறகு என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். "கண்ணீர் கூடாது எண்டு ஆரும் பத்வா குடுக்கல்ல. நல்லா அழு" என்றார். அன்று அவர் சொன்னதை அவர் நம்பினார். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

சுமந்தேன். பிள்ளை உள்ளே துடித்தது. ஆம்பிளையா பொம்பிளையா என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துக் காட்டினேன். ஸபா பிறந்து கொஞ்ச நேரம் மூச்சுவிட்டாள். ராத்தா அவளுக்கு ஒரு சின்னத் தொப்பி தைத்துக் கொண்டு வந்திருந்தார். அதைப் போட்ட பிறகுதான் பிள்ளையை என்னிடம் காட்டினார். "ஸபா, உம்மாக்கு ஸலாம் சொல்லுங்க" என்று அவளுடைய குட்டிக் கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்தார். மூச்சு நின்ற பிறகு அவளைக் குளிப்பாட்டியதும் அவர்தான். முட்டையைக் கழுவுவதுபோல அத்தனை மெதுவாகக் கழுவினார் என்று தங்கச்சி சொன்னாள். அந்த நாளை நான் வெறுக்கவில்லை. அவளைச் சுமந்தது பிழை என்றும் சொல்லமாட்டேன். அவளுடைய முகம் எனக்குத் தெரியும். அது எனக்குப் போதுமா இல்லையா என்பது என்னோடு இருக்கட்டும்.

அதன்பிறகு நான் ஊருக்கு உதாரணமாகிப் போனேன். சட்டத்தைத் தளர்த்தக் கூடாது என்று மாதர் சங்கம் ஊர் ஊராகக் கூட்டம் வைத்துக் கையெழுத்து வாங்கியது. ஒவ்வொரு கூட்டத்திலும் ராத்தா என்னைத் தனக்குப் பக்கத்தில் நிறுத்துவார். "இவதான் எங்கட பௌஸியா. பொறுமையா சபூர் செய்த தாய்" என்பார். பெண்கள் வந்து என் கையை முத்தமிடுவார்கள். சம்மாந்துறைக் கூட்டத்தில் ஒரு இளம் பெண் பின்வரிசையில் எழும்பி, "எனக்கும் இப்பிடித்தான் டொக்டர் சொல்லியிரிக்கார். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். ராத்தா ஒலிவாங்கியை என் கையில் தந்தார். "நீயே சொல்லு புள்ள." நான் சொன்னேன்: "சுமங்க தங்கச்சி. அல்லாஹ் தாங்க வெப்பான்." அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று என் தோளில் கிடந்தது ராத்தா தந்த புதுச் சால்வை. கலியாணம் முடித்துச் சில காலமே ஆன றிஸ்னாவுக்குக் கழுத்தில் கட்டி, வைத்தியம் பார்க்க வேண்டும் என்று மெட்ராஸ் போய், அப்போதுதான் தாயும் மகளும் திரும்பியிருந்தார்கள். எனக்கென்று அங்கிருந்து வாங்கி வந்த சால்வை அது.

ராத்தா ஓய்வு பெற்ற பிறகும் கூட்டங்கள் நடந்தன, நானும் போய்க் கொண்டிருந்தேன். சென்ற பெருநாள் கழிந்து றிஸ்னா ஒஃபிசுக்கு வந்தாள். இப்போது அவள் மடியில் ஒரு ஆண் பிள்ளை. "சாச்சி, இனி அந்தக் கூட்டங்களுக்குப் போகாதீங்க" என்றாள். "சட்டம் மாறத்தான் வேணும். எனக்கு உம்மா இரிந்தா, மெட்ராஸ் போன. வசதியில்லாத புள்ளைகள் எங்க போற?"

"நீ கழுத்துக் கட்டிக்குத்தானே போன?"

அவள் என்னை அப்படியே பார்த்தாள். "உம்மா ஒங்களுக்குச் சொல்லல்லயா? ஒங்கட ஸபாக்கு இரிந்த அதே வருத்தம்தான் சாச்சி, என்ட முதல் புள்ளைக்கும். அஞ்சாம் மாசம் ஸ்கேன்லதான் தெரிஞ்ச. கலாதேவி அன்ரிட தம்பி வீட்டதான் நிண்ட."

கலாதேவி அக்கா தன் மேசையில் குனிந்து கொண்டார். "சத்தியம் வாங்கிப்போட்டா புள்ள" என்று மட்டும் சொன்னார்.

பின்னேரமே ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். குசினியில் இருந்து முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். றிஸ்னா சொல்லிவிட்டாள் என்றேன். கை நின்றது.

"அல்லாஹ்ட அமானிதம் எண்ட நீங்க?"

"ஓம். இப்பவும் அதத்தான் சொல்லுவன்."

"அப்ப றிஸ்னா?"

"அவள் சாப்பிடல்ல, படுக்கல்ல. கிணத்துப் பக்கம் போனாலே நான் பின்னால ஓடின. மெட்ராஸில ஒரு ஆலிமிட்ட மார்க்கம் கேட்ட. தாய்ட உசிருக்கு ஆபத்து எண்டா இடமிரிக்கி எண்டாரு."

"அத சம்மாந்துறையில சொல்லியிரிக்கலாமே ராத்தா. அந்தப் புள்ள எழும்பிக் கேட்டாளே. ஏன் என்ட வாயால அப்பிடிச் சொல்ல வெச்ச?"

"ஒருத்திக்குக் கதவத் திறந்தா எல்லாரும் அதால பூந்திருவாங்க புள்ள."

"எனக்காச்சும் சொல்லியிரிக்கலாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ட மகள் தாங்கமாட்டாள் எண்டு எனக்குத் தெரியும். நீ தாங்குவாய் எண்டும் தெரியும்."

அதை அவர் பாராட்டாகச் சொன்னார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மகளைக் காப்பாற்றியதற்காக அவரை நான் குறை சொல்லமாட்டேன். மகளுக்குப் பின்னால் கிணற்றடிக்கு ஓடிய தாயைக் குறை சொல்ல நான் யார்? அவருடைய நம்பிக்கையையும் குறை சொல்லவில்லை. அதே நம்பிக்கையில்தான் நானும் சுமந்தேன். ஆனால் மெட்ராஸிலிருந்து வந்த பிறகும், என் பிள்ளையின் மௌத்தைக் கூட்டம் கூட்டமாகக் காட்டி மற்றப் பெண்களுக்குக் கதவைப் பூட்டினாரே. தன் மகளோடு அதே கதவால் போய் வந்தவர் அவர். பூட்டுவதற்கு என் கையைப் பிடித்துப் பாவித்தார். அதற்குத் துரோகம் என்றுதான் பெயர். வேறு மெல்லிய சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று அவர் சொல்லச் சொல்ல வெளியே வந்தேன். அதன்பிறகு எங்களுக்குள் ஸலாம் மட்டும்தான். அதிலிருந்து சில மாதங்களில் மாரடைப்பில் போய்விட்டார். மன்னித்துக்கொள் என்ற ஒரு வார்த்தையை என்னிடம் அவர் சொல்லவேயில்லை.

மௌத்து வீட்டில் றிஸ்னா என்னை உள்ளே கூப்பிட்டாள். ராத்தாவைக் குளிப்பாட்ட நானும் தண்ணீர் வார்த்தேன். அப்போதுதான் அழுதேன். ஜனாஸாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்குவதற்கு முன், எங்கள் வழக்கப்படி மூத்த மகன் பெண்கள் இருந்த அறை வாசலுக்கு வந்து நின்றான். "உம்மா ஆர்ர மனசயாச்சும் நோவடிச்சிரிந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்து ஹலாலாக்கிருங்க" என்றான். ஒருவர் மீது இன்னொருவருக்கு உள்ள உரிமையைத்தான் ஹக் என்கிறோம். மனிதருக்கு மனிதர் செய்த குறையை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும். பொறுக்காவிட்டால் மறுமை நாளில் மஹ்ஷர் வெளியில் அந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் நிறுத்தப்படுவார்கள். இது எங்கள் நம்பிக்கை. அறை முழுக்க ஒரே குரலாக எழும்பியது: "ஹலாலாக்கிட்டம் மகன், ஹலாலாக்கிட்டம்." றிஸ்னா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. சந்தூக்கு வாசலைத் தாண்டிப் போனது.

கல்நெஞ்சுக்காரி என்று இதை வாசிக்கும் உங்களில் சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ராத்தாவின் கபுறு விசாலமாகட்டும் என்று கேட்கிறேன். அவருக்குச் சுவர்க்கத்தையும் கேட்கிறேன், அதில் குறைவைக்கவில்லை. அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்து வைத்திருப்பது இந்த ஒரு ஹக் மட்டும்தான். விட்டுக்கொடுத்திருந்தால் எங்கள் இருவருக்குமிடையில் இருந்தது அந்த வாசலோடு முடிந்திருக்கும். அவர் நேரே சுவர்க்கத்துக்குப் போய்விடுவார். விடாமல் வைத்திருந்தால், அந்த மஹ்ஷர் வெளியில் எத்தனை கோடிச் சனம் நின்றாலும் அவர் என்னைத் தேடிப்பிடித்து வந்தே ஆகவேண்டும். வரட்டும். "ஒனக்குச் சொல்லியிரிக்கணும் புள்ள" என்று என் முகத்தைப் பார்த்து ஒருக்கா சொல்லட்டும். அந்த இடத்திலேயே ஹலாலாக்கிவிட்டு, ஸபாவைத் தேட அவரையும் கூட்டிக்கொண்டு போவேன்.