பிடி அரிசிக் கஞ்சி

எங்கள் வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். அது இல்லாதவர்களுக்கு. எங்கள் கிறிஸ்தவ சபையில் எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு. சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அப்பா சபையின் உபதேசியார். எங்கள் பானை குறைந்தால் ஊர் பேசும் என்பதால் அம்மாவின் பிடி பெரிய பிடி. அது எங்கள் தட்டில் தெரியும்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். எனக்கு ஒன்பது வயது. ஆட்சி மாறிய புதிது. டீக்கடை வாசலில் கறுப்பு சிவப்புக் கொடி, கூலிக்காரர்களின் தெருமுனையில் செங்கொடி. அந்தத் தை மாதம், கூலி நெல்லை உயர்த்தினால்தான் அறுவடைக்கு இறங்குவோம் என்று அந்தத் தெருவே உட்கார்ந்துவிட்டது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வயலில் கைகலப்பு ஆகி, ஆண்களில் பாதிப் பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மூன்றாவது வாரத்தில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

அப்பா சபையாரைக் கூட்டிப் பேசி, பிடி அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சித் தினமும் மத்தியானம் கோயில் கொல்லையில் ஊற்ற ஏற்பாடு செய்தார். அந்தத் தெருவில் ஒருவர்கூட வேதக்காரர் இல்லை. “வர்றவங்ககிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது. பேருகூடக் கேக்கக் கூடாது” என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பேர் கேட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று எனக்குத் தோன்றியது.

ஒருநாள் பிடிபட்டவர்களைப் பார்க்க அப்பா நாகப்பட்டினம் போயிருந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல். அகப்பை என் கைக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வரிசையில் மூன்றாவதாக நின்றாள் அஞ்சலை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள். இடுப்பில் தம்பி, கையில் தூக்கு. அவளுடைய அப்பாவும் பிடிபட்டவர்களில் ஒருவர். பெரியவர்களிடம் என் அதிகாரம் செல்லாது, சிநேகிதியிடம் செல்லும். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்தால்தான் எங்களுக்குப் படம் போட்ட அட்டை கிடைக்கும். அந்த டீச்சரின் குரலை வரவழைத்துக்கொண்டு, “பரமண்டல ஜெபம் சொல்லு, ஊத்துறேன்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

“அது எனக்குத் தெரியாது புள்ள. வாய்ப்பாடு வேணா சொல்றேன்.”

நான் பதில் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள். ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு. கண் கஞ்சிப் பானையிலேயே இருந்தது. ஏழாவது வரிக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அது ஜெபம் இல்ல. ஜெபம் சொன்னாத்தான் கஞ்சி” என்றேன்.

அவள் தூக்கை மூடினாள். தம்பியை ஏற்றி இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். சும்மா விளையாட்டுக்குத்தான் என்று கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. பின்னால் ஆட்கள் நின்றார்கள், எனக்கும் வீம்பு. மற்றவர்களுக்கு ஒன்றுமே கேட்காமல் ஊற்றினேன். எப்படியும் திரும்பி வருவாள் என்று அடிக்கஞ்சியைக் கெட்டியாக ஒரு கிண்ணத்தில் அவளுக்கு ஒதுக்கி வைத்தேன். சாயங்காலம் அது நாய்க்குப் போயிற்று.

மறுநாள் காலை அஞ்சலையின் அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு பழைய கூலிக்கே மிராசுதார் வயலில் இறங்கினாள். தெருவில் அவளோடு அப்புறம் யாரும் பேசவில்லை. பத்தாம் நாள் கூலி உயர்ந்தது. எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். அந்த வீட்டுக்காரர்கள் மட்டும் சட்டிபானையோடு நாகூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். என் பக்கத்து இடத்தில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

அஞ்சலையின் அம்மா வயலில் இறங்கிய அன்று சாயங்காலம், நாகப்பட்டினத்திலிருந்து திரும்பி நடந்ததைக் கேள்விப்பட்ட அப்பா ஒரு குண்டான் கஞ்சியைத் தானே தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். போன குண்டான் அப்படியே திரும்பி வந்தது. வாசற்படியில் உட்கார்ந்தார். அப்பாவின் பாட்டனார் ஒரு பஞ்சத்தில் கஞ்சிக்காகத்தான் வேதத்தில் சேர்ந்தார் என்று ஊரில் ஒரு ஏச்சு உண்டென்பதும், அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் அப்பா என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

“அந்தப் பொண்ணு என்னம்மா சொன்னிச்சு?” என்று கேட்டார்.

“ரெண்டாம் வாய்ப்பாடுப்பா.”

“எது வரைக்கும்?”

“ஏழு வரைக்கும். தப்பே இல்லாம சொன்னாப்பா” என்றேன், சிநேகிதிக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்கும் நினைப்பில்.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. குண்டான் நிறையக் கஞ்சி வீணாகிறதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “ராத்திரிக்கு நாமளே குடிச்சிரலாம்பா” என்று சமாதானம் சொன்னேன்.