மூணு மணி நேரம் பத்து நிமிசம்

எம் பொண்டாட்டி அற்புதமேரி கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவ. படப்பை மெயின் ரோட்லேந்து உள்ள தள்ளி எட்டுக்கு எட்டு கடை. அவ வேலை செய்யறதப் பாத்தா எவனும் நம்பிப் பொருளைக் குடுக்க மாட்டான். கண்ணை மூடிக்கினு, கம்ப்யூட்டர் மேல காத வெச்சிக்கினு, எங்கயோ போயிடுவா. "ஏய், தூங்கறியா?"ன்னா, "யோவ், கம்முனு இரு, அது பேசிக்கினு கீது"ன்னுவா. நான் ஷேர் ஆட்டோ ஓட்றவன், ஹார்ன் சத்தத்துலயே பொழுது போற ஆளு. இப்படி மெதக்கறவங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனா கட்டிக்கினு பதினாறு வருசம் ஆச்சு, இன்னும் அந்த மூஞ்சியப் பாக்கறதுக்குன்னே மத்தியானத்துல வண்டிய ஓரங்கட்டிட்டு கடையில வந்து குந்திக்கினு கீறேன்.

முன்ன அவ ஒரு ஃபோன் கம்பெனி லைன்ல இருந்தா. ரிஜெக்ட் ஆன போர்டை பூதக்கண்ணாடி வெச்சிப் பாத்து சரி பண்ற வேலை. ஏழு வருசம் அந்தக் கண்ணாடிக்குள்ளயே குடும்பம் நடத்தினா. கம்பெனிய மூடினப்போ கூட இருந்த பொண்ணுங்கல்லாம் கேட்டாண்ட நின்னு அழுதுச்சிங்க. இவ என் வண்டியில ஏறி உக்காந்து, "ஃபிரடி, கடை போடலாமா?"ன்னா. அவ்ளோதான் பேச்சு.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில மாரிமுத்துன்னு ஒரு பையன் லேப்டாப்பை நெஞ்சோட அணைச்சிக்கினு வந்தான். தின்னவேலி பக்கத்து ஆளு, ஒரகடத்துல கார் பார்ட்ஸ் கம்பெனியில நைட் ஷிஃப்ட். யூனிஃபார்ம் கூட மாத்தல.

"நேத்து வரை நல்லாத்தான் ஓடுச்சுக்கா. காலைல போட்டா வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. அணைச்சு அணைச்சுப் போட்டேன்."

"எத்தினி வாட்டி?"

"நாப்பது இருக்கும்."

எனக்குக் கோவம் வந்துச்சு. இந்த லைன் பசங்களே இப்படித்தான். மெஷின் நின்னா ரீசெட்டைத் தட்டு, மறுபடி நின்னா மறுபடி தட்டுன்னு சொல்லிக் குடுத்து வெச்சிருக்கானுங்க. வூட்டு சாமானையும் அதே மாதிரி தட்றானுங்க.

மேரி டிஸ்க்கைக் கழட்டி, தன் கம்ப்யூட்டர்ல ஒரு ஒயரைப் போட்டு மாட்டினா. கண்ணை மூடி கேட்டா. டிக், டிக்னு எனக்கே கேட்டுச்சு.

"மொதல்ல இதுல இடம் ரொம்பிப் போயி மூச்சு முட்டிருக்கு. அப்பவே வந்திருந்தா கொஞ்சம் அழிச்சி சரி பண்ணிருக்கலாம். நீ தட்டினதுல டிஸ்க்கே போவப் போவுது தம்பி. இன்னும் கொஞ்ச நேரந்தான் தாங்கும். ஒண்ணே ஒண்ணு கேளு, எது வேணும்?"

அவன் அப்பத்தான் வாயைத் தொறந்தான். அவன் சம்சாரம் செல்வலட்சுமிக்கு வேற கம்பெனியில பகல் ஷிஃப்ட். அவ வூட்டுக்கு வர்றதுக்குள்ள இவன் கிளம்பிடுவான். படப்பையில ஒரு மனை வாங்கணும்னு இவனே கேட்டு நைட்டை வாங்கிக்கினான், ஞாயித்துக்கிழமையும் ஓ.டி. ஃபோன்ல பேசினா சண்டை வருதுன்னு, ரெண்டு பேரும் அவங்கவங்க வூட்ல இருக்கற நேரத்துல லேப்டாப் கேமரா முன்னால உக்காந்து ரெண்டு நிமிசம் பேசி, வீடியோவா பதிஞ்சி வெச்சிட்டுப் போவாங்களாம். குறுக்க பேச ஆளில்ல பாரு. அப்படி நூத்துக்கணக்குல கிடக்கு உள்ள. இன்னைக்குக் காலையில வூட்ல பொட்டியக் காணோம், அவளையும் காணோம். பென்னலூர் ஹாஸ்டல்ல சிநேகிதிகிட்ட போயிட்டா. "சொல்ல வேண்டியதைச் சொல்லி வச்சிருக்கேன். முழுசாப் பாத்துட்டுக் கூப்பிடுங்க"ன்னு ஒரே ஒரு மெசேஜ்.

"என்னன்னு கேட்டா பாக்கலியான்னு கேப்பா அக்கா. ஓடலன்னு சொன்னா நம்ப மாட்டா. அந்தக் கடைசி ஒண்ணு மட்டும் போதும்."

"அப்ப மத்ததெல்லாம் போயிடும்."

கொஞ்ச நேரம் டிஸ்க்கையே பாத்தான். "போவட்டும்க்கா."

மத்தது எல்லாம் ரெண்டு நிமிசம், மூணு நிமிசம். இது மட்டும் மூணு மணி நேரம் பத்து நிமிசம். டிஸ்க்கை ரொப்பினதே இதுதான். நான் வாயை வெச்சிக்கினு சும்மா இருக்காம, "மூணு மணி நேரமா திட்டிருக்கு உன்னை"ன்னேன். பையன் மூஞ்சி செத்துப் போச்சு. மேரி முறைச்ச முறைப்புல நான் டீ வாங்கப் போயிட்டேன்.

வீடியோ காப்பி ஆவறது எறும்பு ஊர்ற மாதிரி ஊர்ந்துச்சு. வெளிய கம்பெனி பஸ்ஸுங்க போயிக்கினே இருந்துச்சு, கண்ணாடிப் பக்கமெல்லாம் தூங்கற தலைங்க. மேரி டிஸ்க் மேல ரெண்டு விரலை வெச்சிக்கினு, புள்ளைக்கு ஜுரம் பாக்கறவ மாதிரி அசையாம உக்காந்திருந்தா. அந்தக் கடைக்குள்ள நேரமே நின்னு போன மாதிரி இருந்துச்சு. ரெண்டு மணி வாக்குல அவ கண்ணைத் தொறந்து, "வந்துடுச்சு"ன்னா. அடுத்த நிமிசம் டிக் டிக் நின்னு போச்சு. டிஸ்க் அதோட சரி.

"நீங்களும் இருங்கக்கா. தனியாக் கேக்கப் பயமா இருக்கு"ன்னான்.

படம் ஓடுச்சு. பாயில ஒரு பொண்ணு, வேலைக்குப் போட்டுக்கினு போன சுடிதாரோட. கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. "சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. நான் தூங்குததை நீங்க பாத்துப் பதினாலு மாசம் ஆச்சு. லைட்டை அணைக்கல. இன்னைக்குப் பாத்துக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு, போர்வையை இழுத்துப் போத்திப் படுத்துச்சு. ரெண்டு நிமிசத்துல தூங்கிடுச்சு.

மேரி என் சட்டையப் புடிச்சி வெளிய இழுத்துக்கினு வந்து ஷட்டரைப் பாதி இறக்கினா. நான் சவாரி போவாம வண்டியிலயே உக்காந்திருந்தேன். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்துலேந்து காத்து வந்துச்சு. மேரி என் தோள்ல சாஞ்சிக்கினா.

சாயங்காலம் உள்ளேந்து அவன் ஃபோன் பேசற சத்தம் கேட்டுச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தான்.

"பாத்தேன்."

"முழுசாவா? ஓட்டி ஓட்டித்தான பாத்தீங்க?"

"ரெண்டேகால் மணி நேரத்துல ஒருக்களிச்சுப் படுத்தேல்லா, அப்பப் போர்வை விலகிருச்சு. இழுத்து விடணும்னு கை போயிருச்சு லெட்சுமி. ஸ்கிரீன் கண்ணாடில போய்த் தட்டுச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னுச்சு.

நானே வண்டிய எடுத்தேன். பென்னலூர்ல பொட்டியோட ஏறின பொண்ணு, ஸ்ரீபெரும்புதூர் தாண்டறதுக்குள்ள அவன் தோள்ல தூங்கிப் போச்சு. மாரிமுத்து அன்னைக்கு ஷிஃப்ட்டுக்குப் போவல. நேத்து சாயங்காலத்துலேந்து கண்ணை மூடாத பையன், வழி பூரா அவ மூஞ்சியவே பாத்துக்கினு வந்தான். நான் ஒரு வாட்டி கூட ஹார்ன் அடிக்கல.